வன்மரக் கணக்கெடுப்பு: முதன்முறை காட்டுக்குள் நாடா பிடிக்கிறவர்களுக்கு

மரக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, இத்தனை மரங்களை எப்படிப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது என்றுதான். நியாயமான பயம். ஆனால் பெயரை நாளைக்குக் கூடக் கண்டுபிடித்துக்கொள்ளலாம், தெரியாத மரத்துக்கு ஒரு குறியீடு போட்டு, இலையையும் பட்டையையும் படமெடுத்து வைத்தால் ஆறு மாதம் கழித்துத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார். திருத்தவே முடியாத பிழை வேறு: எந்த மரத்தை, தண்டில் எந்த இடத்தில், எப்படி அளந்தீர்கள் என்பது அடுத்து வருகிறவருக்கு விளங்காமல் போவது.

ஒருமுறை பழைய கணக்கெடுப்பு ஒன்றை மறுபடி அளக்கிற குழுவோடு போயிருந்தேன். பழைய தாளில் 61.2 சென்டிமீட்டர் விட்டம் என்று இருந்த மரம் எங்கள் நாடாவில் 58.9 காட்டியது. மூன்று முறை சுற்றிப் பார்த்தோம், அதே எண். மரமோ புதுத்தளிர் விட்டு நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. முன்பு அளந்தவர் பலகைவேரின், அதாவது அடித்தண்டிலிருந்து பலகை போல விரிகிற வேரின், மேல்விளிம்போடு சேர்த்து நாடாவைச் சுற்றியிருப்பார் என்று ஊகிக்கலாம், ஆனால் தாளில் உயரம் எழுதவில்லை, தண்டிலும் குறி இல்லை. அந்த மரம் அத்தனை வருஷமாக எவ்வளவு வளர்ந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

வைரம் பாய்ந்த மரங்களுக்கு இது இன்னும் பெரிய இழப்பு. அடர்ந்த நிழலில் நிற்கிற இத்தகைய மரம் பல வருஷங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் பருக்கும், ஐந்து வருஷம் காத்திருந்தாலும் ஒரு சென்டிமீட்டர் தேறுவது கடினம். நாடா ஒரு சாண் ஏறியோ இறங்கியோ சுற்றப்பட்டால் அந்த வளர்ச்சி முழுவதும் பிழைக்குள் காணாமல் போகும். அதனால் கீழே சொல்வதையெல்லாம் திரும்பி வருகிற ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எந்த மரங்களைப் பற்றிப் பேசுகிறோம்

தாவரவியலில் பூக்கிற மரங்கள் ஏறத்தாழ எல்லாமே வன்மரம் என்ற வகைக்குள் வந்துவிடும், பஞ்சு போல இலேசான பால்சா கூட. நாம் இங்கே சொல்வது நடைமுறைப் பொருளில்: கருங்காலி, ஈட்டி, செஞ்சந்தனம், மஹோகனி, குங்கிலிய மரங்களில் கனமான வகைகள் என்று மரக்கட்டைக்காகவே வெட்டித் தீர்க்கப்படுகிற, மெதுவாக வளர்கிற, அந்தந்தக் காட்டின் சொந்த மரங்கள். உலக மரங்களின் நிலையைத் தொகுத்து 2021இல் வெளியான அறிக்கை, மர இனங்களில் ஏறத்தாழ 30 சதவீதம், அதாவது சுமார் 17,500 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. ஈட்டி மரங்களின் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. ஓர் இனத்துக்குப் பாதுகாப்பு கேட்டால் முதலில் வருகிற கேள்வி எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதுதான், அதற்குப் பதில் கணக்கெடுப்பில்தான் கிடைக்கும்.

முதலில் கேள்வி, பிறகு நாடா

காட்டுக்குப் போகும் முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தக் கணக்கெடுப்பு முடிந்ததும் எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அந்த வாக்கியத்தைப் பொறுத்து முறையே மாறிவிடும்.

ஓர் அரிய இனம் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பது கேள்வியானால், திட்டுகள், அதாவது அளந்து எல்லை கட்டிய சதுரங்கள், போடுவது பெரும்பாலும் வீண். வெப்பமண்டலக் காட்டில் பல இனங்கள் ஹெக்டேருக்கு ஒரு மரம்கூடத் தேறாது. மலேசியாவின் பாசோ காட்டில் 50 ஹெக்டேருக்குள் 800க்கு மேற்பட்ட மர இனங்கள் பதிவாகியிருக்கின்றன, பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதே பரப்பில் சுமார் 300, முதுமலையின் வறண்ட காட்டில் அதே பரப்பில் எழுபது சொச்சம். முதல் இரண்டு மாதிரியான காட்டில் நாலைந்து சிறு திட்டு போட்டுவிட்டு, அதில் அகப்படாத மரம் அந்தக் காட்டிலேயே இல்லை என்று சொல்வது பெரிய தவறு. அரிய இனத்துக்கு வரிசையாக நின்று சீப்பு போல வாரித் தேடுவதுதான் வழி: ஆளுக்கு ஆள் 10 அல்லது 15 மீட்டர் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்து, கண்ணில் படுகிற ஒவ்வொரு மரத்தையும் பதிய வேண்டும். நடந்த தடத்தையும் பதிந்துகொள்ளுங்கள். தேடி இல்லாமல் போன இடமும் தேடவே படாத இடமும் வரைபடத்தில் வெவ்வேறாகத் தெரிய வேண்டும்.

காட்டில் எந்த இனம் எவ்வளவு என்பது கேள்வியானால் திட்டுகள். காலப்போக்கில் கூடுகிறதா குறைகிறதா என்பது கேள்வியானால் நிரந்தரத் திட்டுகள், ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணோடு. பாரோ கொலராடோவில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த திட்டு அப்படிப்பட்டது. பென்சில் தடிமனான ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக் கன்று முதல் எல்லா மரத்துக்கும் அங்கே எண் உண்டு, ஏறத்தாழ ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கிறார்கள். நமக்கு அவ்வளவு ஆள் பலம் கிடையாது, பரவாயில்லை. 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட மரங்களோடு தொடங்குவதுதான் பரவலான வழக்கம்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டைப் பராமரிக்கிற துறையிடமோ சமூகத்திடமோ எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்காமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். மாதிரி சேகரிக்கப்போவதாக இருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள், நுழைவதற்குத் தந்த அனுமதி இலை பறிப்பதற்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்ன கொண்டுபோவது

விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. 50 மீட்டர் நாடா இரண்டு, நீளாத துணிநாடா அல்லது விட்டநாடா ஒன்று, சரியாக 1.3 மீட்டர் நீளத்துக்கு வெட்டிய நேரான கம்பு, திசைகாட்டி, சாய்வுக் கோணம் பார்க்கிற சாய்வுமானி, ஜி.பி.எஸ். கருவி அல்லது கைப்பேசி, அலுமினிய எண்தகடுகளும் அலுமினிய ஆணிகளும், பென்சில்கள், மழைக்குத் தாங்கும் தாள், கயிறு, மூலைக் கம்பங்கள், பைனாகுலர், முதலுதவிப் பெட்டி. பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரைந்து ஒரு முழு நாள் வேலையும் போய்விடும். தையற்கடை நாடாவும் வேண்டாம், இழுக்க இழுக்க அது நீண்டுகொடுக்கும்.

விட்டநாடாவில் பை மதிப்பால் ஏற்கெனவே வகுத்த அளவுகள் இருக்கும், சுற்றினால் நேராக விட்டத்தையே படிக்கலாம். சாதாரண நாடாவில் வருவது சுற்றளவு, அதை 3.1416ஆல் வகுத்தால் விட்டம். சுற்றளவு 31.4 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 10. ஒரே குழுவில் ஒருவர் விட்டமும் இன்னொருவர் சுற்றளவும் எழுதிவைத்த தாள்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் பிறகு பிரித்தெடுப்பது பெரிய பாடு. தாளின் தலைப்பிலேயே எது என்று எழுதிவிடுங்கள்.

நால்வர் குழு வசதியானது: அளப்பவர், எழுதுபவர், தகடு அடிப்பவர், இலை பார்த்துப் பெயர் சொல்பவர். தனியாக மட்டும் போகாதீர்கள்.

திட்டு போடுவது

புதியவர்களுக்கு 20க்கு 20 மீட்டர் சதுரம் போதும். இப்படி 25 சதுரங்களை அடுக்கினால் ஒரு ஹெக்டேர் ஆகிவிடும், ஆகவே பின்னால் விரிவாக்குவதும் எளிது.

எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் மனம் நம்மை ஏமாற்றும். நடைபாதைக்குப் பக்கத்தில், சமதரையில், பெரிய மரங்கள் கம்பீரமாக நிற்கிற இடத்தில் போடத் தோன்றும். அப்படிப் போட்டால் அந்தக் காடு உண்மையில் இருப்பதைவிட வளமாகக் காகிதத்தில் தெரியும். வரைபடத்தில் கட்டங்கள் வரைந்து, மலைமுகடு, சரிவு, ஓடைக்கரை என்று முதலில் பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குலுக்கலில் முள்புதர் வந்தால் முள்புதருக்குள்தான் போக வேண்டும்.

மூலையில் ஒரு கம்பம் நட்டு, திசைகாட்டி பார்த்து வடக்கே 20 மீட்டர், பிறகு கிழக்கே 20, இப்படிச் சுற்றி வாருங்கள். திசைகாட்டி பார்க்கும்போது கைப்பேசியும் வெட்டுக்கத்தியும் அருகில் இருக்கக் கூடாது, முள் விலகிவிடும். சதுரம் சதுரமாகத்தான் இருக்கிறதா என்பதைக் குறுக்கே அளந்தால் தெரியும்: இரண்டு மூலைவிட்டமும் 28.28 மீட்டர் வர வேண்டும். ஒன்று 27ம் மற்றது 29.5ம் வந்தால் எங்கோ கோணம் கோணியிருக்கிறது என்று அர்த்தம், உடனே சரிசெய்துவிடுங்கள், மரங்களை அளந்த பிறகு என்றால் மனசு வராது.

சரிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. திட்டின் பரப்பு என்பது கிடைமட்டப் பரப்பு. தரையோடு ஒட்டி 20 மீட்டர் அளந்தால் உங்கள் சதுரம் வரைபடத்தில் சுருங்கிவிடும். 20 பாகை சரிவில் தரையோடு 21.3 மீட்டர், 30 பாகையில் 23.1 மீட்டர் இழுத்தால்தான் கிடைமட்டமாக 20 கிடைக்கும். கணக்குப் போட நேரமில்லையென்றால் படிப்படியாக, ஐந்து ஐந்து மீட்டராக, நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து இறங்கிக்கொண்டே போகலாம்.

எல்லைக்கயிற்றின் மேலேயே ஒரு மரம் நிற்கும், நிச்சயம் நிற்கும். அடித்தண்டின் நடுப்புள்ளி உள்ளே இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளியே இருந்தால் விட்டுவிடுங்கள். அது நல்ல பெரிய ஈட்டி மரமாக இருந்தாலும் சரி, இந்த விதியை அதற்காக வளைக்காதீர்கள்.

ஜி.பி.எஸ். மீது அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். மரத்தலைகள் கூடிக் கூரையாக நிற்கிற அடர்ந்த விதானத்துக்குக் கீழே அது 10 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும், அது உங்கள் திட்டில் பாதி அகலம். மூலையின் இடத்தைச் சில நிமிடம் நின்று சராசரி எடுத்துப் பதியுங்கள், உள்ளே இருக்கிற மரங்களின் இடத்தை மூலையிலிருந்து நாடாவால் கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை என்று அளந்து எழுதுங்கள். கம்பத்தை விலங்குகள் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்பதால், மூலைக்குப் பக்கத்தில் உறுதியாக நிற்கிற மூன்று மரங்களைச் சாட்சி மரங்களாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் மூலைக்கு உள்ள தூரத்தையும் திசையையும் குறித்துவிடுங்கள்.

அளப்பது

சரி, இப்போது மரத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள். கம்பைத் தண்டோடு ஒட்டி நிறுத்துங்கள். கீழே சருகு குவிந்திருந்தால் விலக்கிவிட்டு, கம்பின் முனை மண்ணைத் தொட வேண்டும். கம்பின் மேல்முனை இருக்கும் இடம் 1.3 மீட்டர், மார்பளவு உயரம் என்பது அதுதான். சில நாடுகளின் வனத்துறைகள் 1.37 மீட்டரில் அளப்பதுண்டு, பழைய தரவோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் அவர்கள் எதில் அளந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடாவைச் சுற்றும் முன் உள்ளங்கையால் தண்டைச் சுற்றித் தடவுங்கள். பாசி, உதிரப்போகிற பட்டைச் செதில், கரையான் மண், தண்டோடு ஒட்டி ஏறுகிற கொடி எல்லாம் கைக்கு அகப்படும். பாசியையும் மண்ணையும் மெதுவாகத் துடைத்துவிடலாம், பட்டையைச் சுரண்டக் கூடாது. கொடியை வெட்டாதீர்கள், விரலால் நெம்பித் தூக்கி அதற்கு அடியில் நாடாவை நுழையுங்கள். பூரான் மாதிரி ஏதாவது இருக்கக்கூடும் என்பதால் மரத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையை விடுவது நல்லது. பிறகு நாடா தண்டின் அச்சுக்குச் செங்குத்தாக, முறுக்கில்லாமல் சுற்றி வந்திருக்கிறதா என்று ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். பருத்த மரத்தில் பின்பக்கம் நாடா தொய்ந்து கிடப்பது முன்னால் நிற்கிறவருக்குத் தெரியாது. இழுத்துப் பிடித்து, மில்லிமீட்டர் வரை படித்து, உரக்கச் சொல்லுங்கள். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், "நாற்பத்தேழு புள்ளி மூன்று", "நாற்பத்தேழு புள்ளி மூன்று, எழுதிட்டேன்" என்று. அலுப்பாக இருக்கும், மழை தூறும்போதும் சில்வண்டு காதைத் துளைக்கும்போதும் இந்த வழக்கம்தான் காப்பாற்றும்.

ஒழுங்கான தண்டு வாய்த்தால் இவ்வளவுதான் வேலை, ஆனால் காட்டில் ஒழுங்கான தண்டு குறைவு. சரிவில் நிற்கிற மரத்துக்கு 1.3 மீட்டரை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது? பல கையேடுகள் மேட்டுப்பக்கம் என்கின்றன, சில பள்ளப்பக்கம் என்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தாளில் எழுதிவிட்டு, கடைசி வரை மாற்றாதீர்கள். சாய்ந்த மரத்துக்குத் தண்டின் போக்கிலேயே, சாய்ந்த பக்கத்தின் அடிப்புறமாக 1.3 எடுக்க வேண்டும். 1.3க்குக் கீழே கவைத்துப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக அளந்து, ஒரே மரம் என்பது தெரிகிற மாதிரி எண்ணோடு அ, ஆ என்று சேர்த்து எழுதுங்கள். அந்த இடத்தில் முடிச்சோ வீக்கமோ இருந்தால் தண்டு சீராக இருக்கிற இடத்துக்கு ஏறியோ இறங்கியோ அளந்து, அந்தப் புது உயரத்தைக் குறியுங்கள்.

பலகைவேர் உள்ள மரங்களுக்கு வேர் முடிந்து தண்டு உருளையாகிற இடத்துக்கு மேலே 50 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். பலகைவேரைச் சுற்றி அளந்தால் மரத்தின் பருமன் இரண்டு மூன்று மடங்குகூடக் கூடிக் காட்டும். கைக்கு எட்டாத உயரமானால் ஏணி. ஏணி கொண்டுபோக முடியாத இடமானால், அளவுகோலைத் தண்டருகே பிடித்துப் படமெடுத்து மதிப்பிடலாம், ஆனால் "மதிப்பீடு" என்று எழுதியே ஆக வேண்டும். பலகைவேரும் வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறிக்கொண்டே போகும், அடுத்த முறை வருகிறவர் இன்னும் மேலே அளக்க நேரலாம், அதற்காகவாவது இன்று அளந்த உயரத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாகக் குறித்துவைப்பது அவசியம்.

அளந்த கோட்டில் மெல்லிய வண்ணக்கோடு போடுங்கள். தகட்டை அதற்கு 30 சென்டிமீட்டர் மேலே அடியுங்கள், ஆணியடித்த இடம் வீங்கும், அது அளவுக்கோட்டில் வந்துவிடக் கூடாது. ஆணியை முழுக்க அடிக்காமல் பல சென்டிமீட்டர் வெளியே விடுங்கள், இல்லையென்றால் மரம் பருத்துத் தகட்டையே விழுங்கிவிடும். தலை சற்றுக் கீழே சாய்ந்திருந்தால் தகடு பட்டையிலிருந்து விலகித் தொங்கும்.

உயரத்தை எல்லா மரத்துக்கும் அளக்க வேண்டியதில்லை. திட்டுக்குப் பத்து மரம், சிறியது முதல் பெரியது வரை கலந்து எடுத்தால் போதும். மரத்தின் உயரம் அளவுக்கே தள்ளி நின்று சாய்வுமானியில் உச்சியையும் அடியையும் பாருங்கள். 20 மீட்டர் தள்ளி நின்று உச்சி 45 பாகையும் அடி உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே 5 பாகையும் என்றால், 20 உடன் 1.75 சேர்த்து 21.75 மீட்டர். இந்தக் கணக்கு சமதரைக்கு. சரிவில் நின்றால் தூரத்தைக் கிடைமட்டமாக எடுங்கள், மரத்தின் அடி கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் கூட்டாமல் கழிக்க வேண்டும். படர்ந்த முடி கொண்ட மரங்களில் உங்களுக்குக் கிட்டத்தில் நீண்டிருக்கிற கிளையை உச்சி என்று எண்ணிக் கூடுதலாகச் சொல்லிவிடுவது வழக்கமான தவறு. இரண்டு பக்கம் நின்று பாருங்கள்.

பெயர் சூட்டுவது

உள்ளூர்ப் பெயரை எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கருங்காலி என்றால் சிலருக்கு டயோஸ்பைரோஸ் எபெனம், கறுத்த வைரம் உள்ள எபனி. மருந்துச்சரக்கு வழியாக அந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு அது முள்ளுள்ள, சிற்றிலைகள் இறகாகப் பிரிந்த அக்கேசியா கட்டேச்சு, இப்போது செனிகாலியா என்று பேரினம் மாற்றிய மரம். பாலை என்ற பெயரில் கோடாரியை மழுக்குகிற கனமான மரமும் இருக்கிறது, ஏழிலைப்பாலை என்ற இலேசான மரமும் இருக்கிறது. தாளில் வெறும் "பாலை" என்று இருந்தால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார்?

காட்டிலேயே வாழ்கிற ஒருவர் உங்களோடு வந்தால் அது பெரிய பாக்கியம், அவருக்கு உரிய கூலியும் அறிக்கையில் உரிய இடமும் கொடுங்கள். அவரிடம் "இது கருங்காலிதானே?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடக்கூடும். "இது என்ன மரம், எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், பட்டையின் வாசனை, உதிர்ந்த காய், இலைக்காம்பின் வளைவு என்று நீங்கள் கவனிக்காத பத்து விஷயம் வரும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

விதானத்தில் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிற இலையைப் பார்க்க முடியாதபோது, பைனாகுலரும் காலடியில் கிடப்பதும்தான் துணை. கீழே கிடக்கிற இலை பக்கத்து மரத்துடையதாகவும் இருக்கலாம், மேலே பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வரிசையாகக் கவனியுங்கள்: இலைகள் எதிரெதிரா, மாறிமாறியா? தனியிலையா, கூட்டிலையா? காம்பை ஒடித்தால் பால் வருகிறதா, என்ன நிறம்? வெள்ளைப் பால் என்றால் இலுப்பைக் குடும்பம் போல ஒரு சில குடும்பங்களுக்குள் தேடலாம், மஞ்சள் பால் குடம்புளிக் குடும்பத்தை நினைவூட்டும், சிவப்புச் சாறு என்றால் வேங்கையோ காட்டு ஜாதிக்காயோ. கசக்கினால் நறுமணம் வருகிறதா, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இலையில் புள்ளிகள் தெரிகின்றனவா? காயின் அடியில் புல்லிவட்டம் உதிராமல் கிண்ணம் போல ஒட்டியிருந்தால் டயோஸ்பைரோஸ் இனமாக இருக்கலாம், இறக்கை முளைத்த காயும் பிசினும் சேர்ந்திருந்தால் குங்கிலியக் குடும்பம். மா, சேங்கொட்டை குடும்பத்தில் சில மரங்களின் பால் கறுத்துப்போய்த் தோலைப் புண்ணாக்கிவிடும், தெரியாத மரத்தின் சாற்றைக் கையில் படவிடாதீர்கள், நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது.

தெரியாததற்கு "தெரியாதது" என்று மட்டும் எழுதினால் பத்துத் தெரியாதது ஒன்றாகிவிடும். "தெ.1: மாறிமாறி, தனியிலை, அடிப்பக்கம் வெள்ளி நிறம்" என்று குறியீடும் குறிப்பும் கொடுத்து, அதே மரம் அடுத்த திட்டிலும் வந்தால் அதே குறியீட்டைப் போடுங்கள். படமெடுக்கும்போது முதலில் எண்தகடு, பிறகு பட்டை, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், கிளை என்ற வரிசையில் எடுத்தால் மாலையில் எந்தப் படம் எந்த மரத்துடையது என்று குழம்ப வேண்டியிருக்காது. அனுமதி இருந்தால் சிறு கிளை ஒன்றைச் செய்தித்தாளுக்கு இடையில் அழுத்தி உலர்த்தி, எண்ணும் தேதியும் இடமும் உலர்ந்தால் மறைந்துவிடக்கூடிய பூவின் நிறமும் வாசனையும் எழுதி உலர்தாவரக் காப்பகத்துக்குக் கொடுங்கள்.

குஞ்சு குறுமான்களையும் எண்ணுங்கள்

என்னைக் கேட்டால் கணக்கெடுப்பில் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதிகம் சொல்லக்கூடியதும் இந்தப் பகுதிதான். பெரிய மரங்களை மட்டும் எண்ணிவிட்டு ஹெக்டேருக்கு இத்தனை இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று திரும்புகிறோம். அந்த மரங்களுக்குக் கீழே ஒரு கன்றுகூட இல்லையென்றால், அந்தத் தலைமுறை விழும் நாளில் இனமே அங்கிருந்து போய்விடும், அதற்கு இன்னும் நூறு வருஷம் இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

20 மீட்டர் சதுரத்துக்குள் ஒரு மூலையில் 5க்கு 5 மீட்டர் போட்டு ஆளுயரக் கன்றுகளையும், அதற்குள் 1க்கு 1 மீட்டர் போட்டு நாற்றுகளையும் எண்ணுங்கள். குனிந்து, முட்டி போட்டு, சருகை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு விதையிலையோடு நிற்கிற நாற்றுக்கும் முதல் உண்மையான இலை விட்டதற்கும் வேறு வேறு நிரல் வைத்தால் நல்லது. குங்கிலியக் குடும்ப மரங்கள் சில வருஷங்களில் மொத்தமாகக் காய்த்துக் கொட்டும், விதைகள் உடனே முளைத்துத் தரையே பச்சையாகிவிடும், அந்த மாதம் எண்ணினால் பிரமாதமான எண்ணிக்கை வரும். ஒரு வருஷம் கழித்து அதில் எத்தனை மிச்சம் என்பதுதான் செய்தி. அதனால் எண்ணிய மாதத்தையும் அந்த வருஷம் காய்ப்பு எப்படி என்பதையும் குறியுங்கள்.

பெரிய மரங்களில் பூ, காய் இருக்கிறதா என்றும் எழுதுங்கள். டயோஸ்பைரோஸ் இனங்கள் பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி மரங்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஆறு எபனி மரங்கள் நின்று ஆறும் ஆண் என்றால் அங்கே விதை கிடையாது. சர்வதேசச் செம்பட்டியலின் ஒரு அளவுகோல் முதிர்ந்த, அதாவது இனம் பெருக்கும் திறனுள்ள மரங்களை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை உலகம் முழுவதும் 50க்குக் கீழே போனால் மிகக் கடுமையான அபாய நிலை, 250க்குக் கீழே அபாய நிலை. எத்தனை மரம் என்பதோடு எத்தனை காய்க்கிற மரம் என்பதும் தெரிந்தால்தான் உங்கள் தாள் அங்கே உதவும்.

புதிய வெட்டுக்கட்டைகள், தீக்காயம், பட்டை உரிப்பு, மேய்ச்சல் தடம் ஆகியவற்றுக்கும் ஒரு நிரல் வையுங்கள். வெட்டுக்கட்டையின் விட்டத்தையும் அளந்துவிடுங்கள்.

மாலையில்

அன்றைய தாளை அன்றைக்கே கணினியில் ஏற்றுங்கள். ஏற்றுகிறபோதுதான் 473 என்று எழுதியது 47.3ஆக இருக்க வேண்டும் என்று நினைவிருக்கும், ஒரு வாரம் போனால் நினைவிருக்காது. மூலத்தாளைப் படமெடுத்துத் தனியாக வையுங்கள், தூக்கிப்போடவே வேண்டாம்.

கணக்குகள் எளியவை. 20க்கு 20 மீட்டர் திட்டு 0.04 ஹெக்டேர், அப்படி ஐந்து திட்டில் ஏழு ஈட்டி என்றால் ஹெக்டேருக்கு 35. ஆனால் அந்த ஏழும் ஒரே திட்டில் இருந்தனவா, ஐந்திலும் பரவி இருந்தனவா என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் இந்த எண்ணை யாரிடமும் கொடுக்காதீர்கள். அடிப்பரப்பு என்பது தண்டை அந்த இடத்தில் அறுத்தால் தெரிகிற வட்டத்தின் பரப்பு: 30 சென்டிமீட்டர் மரத்துக்கு 0.07 சதுர மீட்டர், 60க்கு 0.28. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, பெரிய மரம் ஒன்று போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இதில் தெரிந்துவிடும். பிறகு விட்டங்களைப் பத்துப் பத்து சென்டிமீட்டராகப் பிரித்து ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். இடதுபக்கம் உயர்ந்து வலதுபக்கம் சரிந்தால் இளசுகள் வந்துகொண்டிருக்கின்றன. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எப்போதோ ஒரு காலத்தில் வெட்டோ தீயோ மேய்ச்சலோ ஒரு தலைமுறையைத் தின்றிருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

சுற்றளவை வைத்து வயது மட்டும் சொல்லாதீர்கள். தேக்கு போலச் சில மரங்கள் ஆண்டுவளையம் தெளிவாகப் போடும், வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் அது நம்பும்படி இருப்பதில்லை, ஒரே வயதுள்ள இரண்டு மரங்களில் ஒன்று வெளிச்சத்தில் தொடையளவும் மற்றது நிழலில் மணிக்கட்டளவும் இருக்கும். கரிமச்சேமிப்பு வேண்டுமென்றால் மரத்தை வெட்டத் தேவையில்லை, விட்டம், உயரம், கட்டையின் அடர்த்தி மூன்றும் இருந்தால் போதும். 58 இடங்களில் வெட்டி எடைபோட்ட 4,004 மரங்களைக் கொண்டு 2014இல் வெளியான பொதுச் சமன்பாடு ஒன்று அதற்குப் பரவலாகப் பயன்படுகிறது.

இடத்தைச் சொல்லாதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல எபனி, ஈட்டி, சந்தனம், செஞ்சந்தனம் நிற்கிற துல்லியமான இடம் வெளியே தெரிந்தால், நீங்கள் காப்பாற்ற எண்ணிய மரத்துக்கு நீங்களே வழிகாட்டி ஆகிவிடுவீர்கள். சமூக ஊடகத்தில் போடுகிற படத்துக்குள் ஜி.பி.எஸ். இடம் ஒளிந்திருக்கும், அதை நீக்கிவிட்டுப் போடுங்கள், பின்னணியில் அடையாளமான பாறையோ பலகையோ தெரியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரினங்களைப் பார்த்த பதிவுகளைப் பகிர்கிற ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளம் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தைத் தானே மங்கலாக்கும், ஆனால் உங்கள் நாட்டில் அந்த இனம் ஆபத்துப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நீங்களே மறைத்துவிடுங்கள். திருட்டு நடக்கிற காட்டில் வண்ணக்கோடு வேண்டாம், தகட்டைக் கண்ணில் படாதபடி தாழ்வாக, பாதைக்கு எதிர்ப்பக்கத்தில் அடியுங்கள், அளந்த உயரத்தைத் தாளில் மட்டும் வையுங்கள். முழுத் தரவு அந்தக் காட்டுக்குப் பொறுப்பானவர்களிடமும் உங்களிடமும் இருக்கட்டும், வெளியே கொடுக்கிற பிரதியில் இடம் தோராயமாக இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேலை. திட்டுக்குப் போகிற வழியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், எந்த ஓடையைக் கடப்பது, எங்கே ஏறத் தொடங்குவது, முதல் கம்பம் எந்தச் சாட்சி மரத்துக்கு எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்று. எழுதி முடித்ததும், உங்கள் குழுவில் அன்று வராத ஒருவரிடம், நம்பிக்கையானவரிடம், அந்தத் தாளைக் கொடுத்து முன்னால் நடக்கவிட்டு நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் போங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கி நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அந்த வரியை அங்கேயே திருத்தி எழுதி, மூலத்தாள்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.